பரமசிவம் முடிக்க வேண்டிய வாக்கியம்

உள்ளே கூப்பிட இன்னும் நேரம் இருந்தது. அதற்குள் விசாலம் அக்கா பக்கத்து நாற்காலி அம்மாளிடம் பாதிக் கதையைச் சொல்லியிருந்தாள். "என் தம்பிங்க. சர்வே ஆபீஸ்ல வரைபடம் போடற வேலை. குணத்துல தங்கம். வாய்தான் கொஞ்சம்…" என்று நிறுத்தி, மீதியை உதட்டருகே விரல்களைப் படபடவென்று ஆட்டிக் காட்டினாள். அந்த அம்மாள் திரும்பிப் பார்த்து, ஐயோ பாவத்துக்கும் அப்படியாவுக்கும் நடுவில் ஒரு தலையாட்டல் ஆட்டினார். பரமசிவம் வழக்கம்போலச் சிரித்து வைத்தார். சிரித்த பிறகுதான் கோபம் வந்தது. ஐம்பதைத் தாண்டிய ஆள், வருகிற ஞாயிற்றுக்கிழமை மகளுக்கு நிச்சயதார்த்தம் வைத்திருக்கிற தகப்பன், மருந்துக்கடைக்கு மேலே இருக்கிற இந்த முதல் மாடியில், ஒயர்கூடையும் ஃபிளாஸ்க்குமாக வந்திருக்கிற அக்காவுக்குப் பக்கத்தில், தடுப்பூசிக்கு வந்த பிள்ளை மாதிரி உட்கார்ந்திருக்கிறார். இத்தனை வாரம் இதே நாற்காலியில் தனியாக உட்கார்ந்திருந்தபோது இந்த அறை இவ்வளவு சின்னதாக இல்லை. மனைவி செண்பகம் வாய் தவறி அக்காவிடம் சொல்லிவிட்டாள். வாய் தவறியா, தவறவிட்டாளா, அது அவளுக்கே வெளிச்சம். காலையில் அக்கா ஆட்டோவோடு வாசலில் நின்றாள். "டாக்டர்கிட்ட நான் பேசிக்கறேன். உனக்கு எதுக்குச் சிரமம்?" அவள் மேல் தப்பில்லை. இந்த ஊரில் யார் ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போகிறார்கள்? கூட வந்தவர்தான் நோயைச் சொல்வார். ராத்திரி தூங்கறதில்லை, சாப்பாடு இறங்கலை, ரெண்டு நாளா வெளிக்குப் போகலை, எல்லாவற்றையும் கூட வந்தவர் சொல்ல, நோயாளி நாக்கை நீட்டினால் போதும். ஆனால் இங்கே அப்படி இல்லை, ஒருத்தர்தான் உள்ளே போகணும், கதவைச் சாத்திடுவாங்க, அந்த அறை என்னுதுக்கா, என்று ஆட்டோவிலேயே சொல்லிவிடப் பார்த்தார். 'இ' என்ற எழுத்தில் நாக்கு நின்றது. "இடது பக்கம் திரும்பணுமாம்ப்பா" என்று அக்கா டிரைவரிடம் சொல்லிவிட்டாள். ஆட்டோ இடது பக்கம் திரும்பிற்று. அங்கே ஒரு முட்டுச்சந்து இருந்தது.

சுவரில் டிவி ஓடியது, சத்தமில்லாமல். செய்தி வாசிக்கிற பெண்ணின் வாய் மட்டும் அசைந்தது. பரமசிவத்துக்கு அவளைப் பிடித்திருந்தது. சத்தம் வராவிட்டாலும் நிறுத்தாமல் பேசிக்கொண்டிருக்கிறாளே! மனசுக்குள் அவரும் அப்படித்தான், மனசுக்குள் அவர் ஒரு நாளும் திக்கியதில்லை. குளிக்கும்போது, சைக்கிளில் போகும்போது, வரைபலகையில் குனிந்து அடுத்தவர் வயலுக்கு வரப்புக் கோடு இழுக்கும்போது, உள்ளே ஆறு மாதிரி போகும் பேச்சு. தாசில்தாரைத் திட்டுவார், மாப்பிள்ளைக்குப் புத்தி சொல்வார், மேடையில் ஏறி மாலையை வாங்கிக்கொண்டு நன்றி சொல்வார். உதட்டுக்கு வந்ததும் அத்தனையும் கட்டெறும்பு மாதிரி வரிசை கலைந்துவிடும். இப்போதும் உள்ளே அந்த ஒரே வாக்கியம்தான் போய்ப்போய் வந்தது. பூவாளூர் பரமசிவமாகிய நான், என் மகள் அமுதாவை, உங்கள் வீட்டுப் பெண்ணாகத் தரச் சம்மதிக்கிறேன். தட்டு மாற்றுவதற்கு முன் பெண்ணின் தகப்பன் சபையில் எழுந்து நின்று இதைச் சொல்ல வேண்டும். அவர்கள் ஜனத்தில் அதுதான் நிச்சயம். அதற்குப் பிறகு பத்திரிகை படிப்பது, எழுதுவது, வெற்றிலை பாக்கு, எல்லாம் மேலுக்குச் செய்வது. அவருக்கு அந்த வாக்கியம் ஒரு நிலத்தின் வரைபடமாகத் தெரிந்தது. 'பூ'வில் ஒரு பள்ளம். இரண்டு எட்டில் 'ப'வில் கிணறு, கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு, தன் பெயர். அப்புறம் கொஞ்சம் சமதரை. 'பெ'வில் மறுபடி பள்ளம். மற்ற நாளாக இருந்தால் சுற்றிக்கொண்டு போய்விடுவார். சுற்றிப் போவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. பஸ்ஸில் பாலக்கரை என்று சொல்ல வராமல், அதற்கு அடுத்த நிறுத்தத்தைச் சொல்லி இறங்கித் திரும்பி நடந்து வருவார். ஓட்டலில் பொங்கல் வேண்டும் என்று போய் உட்கார்ந்து இட்லி என்பார். இட்லி சுலபமாக வந்துவிடும். கல்யாணமான புதிதில் செண்பகம் கேட்டாள், "உங்களுக்கு இட்லின்னா அவ்ளோ உசிராங்க?" என்று. அவர் தலையாட்டினார். அன்றிலிருந்து வீட்டிலும் இட்லிதான். பிடிக்காத ஒன்றை ஒரு மனிதன் இத்தனை வருஷம் தின்னலாமா, வாய்க்குச் சுலபமாக இருக்கிறது என்பதற்காக? ஆனால் நிச்சய வாக்கியத்தில் அந்த வித்தை செல்லாது. அங்கே ஒரே பாதை. பெயரை மாற்றிச் சொல்ல முடியாது, ஊரை மாற்றிச் சொல்ல முடியாது. கிணற்றில் இறங்கித்தான் ஏற வேண்டும்.

"மாமா நல்லா சொல்லுவாரு," என்றாள் அக்கா. அந்த அம்மாளிடம்தான் சொன்னாள், ஆனால் இவருக்குச் சொன்னாள். "எங்க வீட்டுக்காரரு. கணீர்னு இருக்கும் குரலு. பொண்ணு பாக்க வந்தப்பவே அவருதான பேசினாரு. இப்ப இவன் திடீர்னு நான்தான் சொல்லுவேங்கறான். யாரோ ஏத்தி விட்டிருக்காங்க." அந்த அம்மாள், "பெத்தவரு சொல்றதுதானே முறை?" என்று கேட்டுவிட்டார். கேட்டிருக்கக் கூடாது. அக்கா நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். "முறைதாங்க. யாரு இல்லேன்னா? சபையில எந்திரிச்சு நின்னு ப்ப ப்பன்னுட்டு இருந்தா பையன் வீட்டுக்காரங்க என்ன நினைப்பாங்க? நாளைக்குப் பேரப்பிள்ளைக்கும் இது வந்துருமோன்னு யோசிக்க மாட்டாங்களா? பொண்ணோட வாழ்க்கைங்க." இதுதான். இதைத்தான் பரமசிவமும் விடியற்காலையில் எழுந்து உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தார். பையன் வீட்டில் அவரை அமைதியான மனுஷர் என்கிறார்கள். முதல் தடவை வந்தபோது மாமாவும் அக்காவும் பேசப் பேச அவர் பலகாரத் தட்டை நகர்த்தி நகர்த்தி வைத்தார், சிரித்தார், போகும்போது பையனின் பெரியப்பா கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களை மாதிரி அளந்து பேசறவங்க இந்தக் காலத்துல யாருங்க இருக்கா?" என்றார். அளந்து! அளக்கிற ஆபீஸில் வேலை பார்க்கிறவர் அளந்து பேசுகிறார் என்று மாமா வேறு ஒரு வெடிச்சிரிப்புச் சிரித்தார். அந்தப் பெரியப்பாவின் முகம்தான் கண்ணில் நின்றது. பூவாளூர் என்று தொடங்கியதும் அந்த முகம் என்னவாகும்? முதலில் புரியாது. பிறகு புரியும். பிறகு வேறெங்காவது பார்க்கும். எல்லோரும் அப்படித்தான், திக்கும்போது சட்டைப் பொத்தானைப் பார்ப்பார்கள், வாட்சைப் பார்ப்பார்கள். அக்கா ஒருத்திதான் நேராக அவர் வாயைப் பார்ப்பாள். வார்த்தை எட்டிப் பார்த்ததும் பிடுங்கிக்கொள்வதற்காக.

பிடுங்கிக்கொள்வதற்காக என்று நினைத்ததும் தன்னையே அறைய வேண்டும்போல் இருந்தது. பள்ளிக்கூடத்தில் ஒரே கூடம், நடுவில் தட்டி. இந்தப் பக்கம் இவர் வகுப்பு, அந்தப் பக்கம் அக்கா வகுப்பு. வாத்தியார் பெயர் கூப்பிடுவார். உள்ளேன் ஐயா என்று சொல்ல வேண்டும். பரமசிவம் எழுந்து நிற்பார், வாய் திறந்திருக்கும், கழுத்து நரம்பு புடைக்கும், பையன்கள் மேஜையில் தாளம் போடுவார்கள், வாத்தியார், "அப்ப நீ வரலை, உட்காரு" என்பார். ஒரு நாள் தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. "உள்ளேன் ஐயா! என் தம்பி உள்ளேன் ஐயா!" அவளை வெளியே முட்டி போட வைத்தார்கள். மறுநாளும் சொன்னாள். தாளம் போட்டவன் ஒருத்தனின் மண்டையை உடைத்தாள். வாத்தியாருக்கே அலுத்துப்போய், பரமசிவம் என்று கூப்பிட்டுவிட்டுத் தட்டிப் பக்கம் காதைக் கொடுக்க ஆரம்பித்தார். அவள் போட்ட சத்தத்தில்தான் அவர் அந்த வகுப்பில் இருந்தார். நாக்கில் வசம்பு உரசியதும் அவள்தான். அந்த வசம்புக்கே ஊரில் பேர் சொல்லாதது என்றுதான் பேர். வெள்ளியில் நாக்கு செய்து கோயில் உண்டியலில் போட்டதும் அவள்தான். அப்படிப்பட்டவளைப் பார்த்து வாயை மூடு என்று எப்படிச் சொல்வது? அதைச் சொல்லவே வேண்டாம்; அக்கா, நான் உள்ளேன், நானே சொல்கிறேன் என்று மட்டும் சொன்னால் போதும். அது எவ்வளவு சின்ன வாக்கியம்! அதில் பள்ளம்கூடக் கிடையாது. ஆனால் அக்காவின் முன்னால் எல்லாத் தரையும் பள்ளம்.

ஜான்சி, வரவேற்பு மேஜைப் பெண், ஒருவரைக் கூப்பிட்டாள். இவரை இல்லை. பக்கத்து அம்மாள் எழுந்து போனார். பேச ஆள் இல்லாமல் அக்கா ஃபிளாஸ்க்கைத் திறந்து காப்பி ஊற்றினாள். அவர் வேண்டாம் என்று தலையாட்டுவதற்குள் டம்ளர் கையில் இருந்தது. சர்க்கரை சரியாக இருந்தது. அவளுக்கு எல்லாம் தெரியும், எவ்வளவு சர்க்கரை, எந்தப் பக்கம் படுப்பார், என்ன சொல்ல வருகிறார். என்ன சொல்ல வருகிறார் என்பது மட்டும் தெரியாது. அதில் அவள் பல தடவை தவறியிருக்கிறாள், ஒரு தடவை கூட அவள் அதை அறியவில்லை. அமுதா பிறந்தபோது நடந்தது அப்படித்தான். செண்பகத்தின் பிறந்த ஊர் ஆற்றங்கரை; ஆற்றின் பெயரையே வைக்கலாம், பவானி என்று இரண்டு பேரும் முடிவு செய்திருந்தார்கள். பெயர் வைக்கிற அன்று குழந்தையைக் கையில் வாங்கிக் காதோரம் குனிந்தார். ரகசியமாகச் சொன்னால் அவருக்குத் திக்காது, ஏனோ தெரியாது, காற்று மட்டும் போனால் தடை இல்லை. பவானி. பவானி. பவானி. வழவழவென்று வந்தது. குழந்தை கண்ணைச் சுருக்கிற்று. உலகத்தில் அவர் ஒரு தடையும் இல்லாமல் பேசிய முதல் ஆள் அவள்தான். நிமிர்ந்தார். கூடம் நிறைய ஜனம். பெரியத்தை உரக்கக் கேட்டாள், "என்ன பேருப்பா வச்ச?" வாய் திறந்தார். ஒன்றும் வரவில்லை. யாரோ ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். அவர் பின்னாலிருந்து அக்காவின் குரல், கணீரென்று, அதே தட்டிக்கு அந்தப் பக்கத்துக் குரல்: "அமுதா! அமுதான்னு வச்சிருக்கான் என் தம்பி!" எல்லோரும் அமுதா அமுதா என்றார்கள். சர்க்கரை கொடுத்தார்கள். செண்பகம் அவரைப் பார்த்தாள். அவர் சிரித்து வைத்தார். அக்காவுக்கு இன்று வரை தெரியாது. தம்பியைச் சபையில் காப்பாற்றியதாகத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறாள். அமுதா நல்ல பெயர்தான். அவளுக்கு அது பொருந்திவிட்டது, அவளே அந்தப் பெயராகிவிட்டாள், இனி வேறு பெயரில் அவளை நினைக்க முடியாது. ஆனால் ஒரு பெண்ணுக்குப் பெயர் வைத்ததும் நானில்லை, கட்டிக்கொடுப்பதும் நானில்லை என்றால், நடுவில் நான் யார்? பலகாரத் தட்டை நகர்த்துகிறவனா?

இதை இங்கே பேச்சுப் பயிற்சி தருகிற ரெஹானா மேடத்திடம் சொல்லி முடிக்க ஒரு முழுச் சந்திப்பு ஆயிற்று. முதல் நாள் மேடம் இவர் பெயரைத்தான் கேட்டார். கிணற்றில் விழுந்தார் பரமசிவம். உதடு ஒட்டிக்கொண்டது, தலை ஒரு பக்கம் இழுத்தது, வியர்த்தது. முன்னால் அவர் பெயர் எழுதின சீட்டு இருந்தும் அந்தப் பெண்மணி எடுத்துக்கொடுக்கவில்லை. தலையாட்டவில்லை, பரவாயில்லை என்று சொல்லவில்லை, பொத்தானைப் பார்க்கவில்லை. காத்திருந்தார். மேலே மின்விசிறி சுற்றியது. வெளியே யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்துக் கிளப்பப் பார்த்தார்கள், அது கிளம்பிப் போயிற்று, அதற்கப்புறமும் காத்திருந்தார். பரமசிவம் என்ற பெயர் கடைசியில் வெளியே வந்து அந்த மேஜைமேல் விழுந்தபோது, அது தன் பெயர்தானா என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. யாரும் தொடாத பெயர். "என்ன மாறணும்னு நினைக்கறீங்க?" என்று மேடம் கேட்டார். "திக்கறத எடுத்துடறேன்னு நான் சொல்ல மாட்டேன்," என்றும் சொன்னார். பரமசிவம் நேரம் எடுத்துக்கொண்டார். அதுவரை அவர் யாரிடமும் நேரம் எடுத்துக்கொண்டதில்லை. "திக்கிக்கிறேன். அது இருந்துட்டுப் போகட்டும். நான் ஆரம்பிச்சத நான் முடிக்கணும்," என்றார். முதல் வீட்டுப்பாடம், வேண்டியதைக் கேட்டுச் சாப்பிடுவது. ஓட்டலில் உட்கார்ந்து 'பொ' என்றார். நின்றது. சர்வர் உதவிக்கு வந்தான். "பொடி தோசையா சார்?" இல்லை. "பூரி?" இல்லை. "பரோட்டா இப்ப கிடையாது சார், சாயங்காலம்தான்." இல்லை, இல்லை. இட்லி என்று ஒரு வார்த்தை சொன்னால் விட்டுவிடுவான். சொல்லவில்லை. மேஜையைப் பிடித்துக்கொண்டார், பக்கத்து மேஜைக்காரர் சாம்பாரில் கையை வைத்தபடி பார்த்தார், பார்க்கட்டும். "பொ… பொங்கல்." வந்த பொங்கல் ஆறிப்போயிருந்தது, மிளகையே காணோம். ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் தின்றார்.

அன்று சாயங்காலம் அமுதாவிடம் சொன்னார், நிச்சயத்தன்று நான்தான் சொல்லப்போகிறேன் என்று. சொல்ல நேரமானது. அவள் துணி மடித்துக்கொண்டே நின்றாள். "கௌதமுக்குத் தெரியும்ப்பா, நான் முதல்லயே சொல்லிட்டேன்," என்றாள், மாப்பிள்ளைப் பையனைப் பற்றி. பிறகு சிரித்தாள், செண்பகத்தின் குறும்புச் சிரிப்பு. "மெதுவாவே சொல்லுங்க. மண்டபம் சாயங்காலம் வரைக்கும் நமக்குத்தானே."

"பரமசிவம் சார்," என்றாள் ஜான்சி.

அக்கா முதலில் எழுந்தாள். ஒயர்கூடையை எடுத்தாள், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள், ஒரு கை அவர் முழங்கையைப் பிடித்தது. கதவு திறந்து ரெஹானா மேடம் வாசலில் நின்றார். அக்கா அவரைப் பார்த்ததும் கும்பிட்டாள். "வணக்கம் டாக்டர். நான் இவனோட கூடப் பொறந்தவ. இவனுக்குச் சொல்ல வராது பாருங்க, அதான் நானே வந்தேன். இவன் என்ன சொல்ல வர்றான்னா—"

"அக்கா," என்றார் பரமசிவம். அந்த வார்த்தை தடங்கல் இல்லாமல் வந்தது. அதனால்தான் அவள் நின்றாள். அடுத்த வார்த்தையில் தடங்கல் வந்தது. 'எ' என்று தொடங்கி, தொண்டையில் கதவு சாத்திக்கொண்டது. ஜான்சி மேஜையைப் பார்த்தாள். புதிதாக வந்து உட்கார்ந்திருந்த ஒருவர் வாட்சைப் பார்த்தார். அக்காவின் கண்கள் அவர் வாயில் இருந்தன, அந்தப் பழைய, ஆசையான, அவசரமான பார்வை. அவள் உதடு பிரிந்தது. "என்னால முடியாதுங்கறான் டாக்டர்—" பரமசிவம் கையைத் தூக்கினார். அடிக்க இல்லை. போக்குவரத்துப் போலீஸ்காரர் நிறுத்துகிற மாதிரி, உள்ளங்கை தெரிய. வாழ்நாளில் அக்காவுக்கு முன்னால் அந்தக் கை அப்படி எழுந்ததில்லை. அது இறங்கவில்லை. 'எ' இன்னும் அங்கேயேதான் நின்றது. சுற்றிப் போக வழி இருந்தது, ஒன்றுமில்லைக்கா என்று சொல்லிவிட்டு உட்காரலாம். வேண்டாம். கிணறுதானே, இறங்குவோம். மூச்சை விட்டார். மறுபடி எடுத்தார். சத்தமில்லாத டிவியில் அந்தப் பெண் பேசிக்கொண்டே இருந்தாள்.

"எ… என்ன சொல்ல வர்றேன்னு," என்றார், நிறுத்தினார், விழுங்கினார், "எனக்கே இன்னும் தெ… தெரியாதுக்கா. உனக்கு எ… எப்படித் தெரியும்?"

அக்காவின் முகத்தில் வந்தது கோபம் இல்லை. தட்டிக்கு அந்தப் பக்கத்தில் முட்டி போட்டிருந்த சிறுமிக்கு, நீ எழுந்திருக்கலாம் என்று யாரோ சொல்லிவிட்டதுபோல ஒரு குழப்பம். "காப்பி ஆறிடும்டா," என்றாள், யாரும் கேட்காமலே. "நீ கு… குடிக்கா. நான் வந்துர்றேன்." அவளைத் தொட்டு நாற்காலியில் உட்கார வைத்தார். கூடையை அவள் மடியில் வைத்தார். அவள் உட்கார்ந்துவிட்டாள் என்பதை அவராலேயே நம்ப முடியவில்லை. உள்ளே போனார். கதவைத் தானே சாத்தினார்.

"உட்காருங்க," என்றார் ரெஹானா மேடம். பரமசிவம் உட்காரவில்லை. சபையில் நிற்கிற மாதிரி நின்றார். எதிர்ச் சுவரில் அந்தப் பெரியப்பாவின் முகத்தை மாட்டினார், பக்கத்தில் மாமாவின் முகம், பெரியத்தை, தாளம் போட்ட பையன்கள், சிரித்த அந்தப் பெண், எல்லோரையும் வரிசையாக உட்கார வைத்தார். பாருங்கள். நன்றாகப் பாருங்கள், பொத்தானைப் பார்க்காதீர்கள். உதடுகளைச் சேர்த்தார். 'பூ' ஒட்டிக்கொண்டது. கதவுக்கு வெளியே சத்தமில்லை. மின்விசிறி சுற்றியது. யாரும் எடுத்துக்கொடுக்கவில்லை. அவருக்கு அவசரமும் இல்லை. மண்டபம் சாயங்காலம் வரை அவர்களுடையது.